சிஸ்டருக்கு எத்தனை மார்க்?

"மாமா, எனக்கு அறுபத்தெட்டு மார்க்" என்றாள் தங்கை மகள்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டிகளை முடித்துக்கொண்டு ஆஃபுக்கு எங்கள் தேயிலைத் தோட்டமான போனக்காடு வந்திருந்தாள். நர்சிங் படிக்கும் பெண் யாரோ ஆய்வுக்காக அனுப்பிய படிவத்தை, விதுரா தாண்டி சிக்னல் போவதற்குள் பஸ்ஸிலேயே நிரப்பி அனுப்பிவிட்டாள். அனுப்பியதும் திரையில் பதில் வந்திருக்கிறது: பர்ன்அவுட் (வேலையில் ஓய்ந்து வறண்டுபோவது), 68. பரீட்சை என்றால் முதல் வகுப்பு. இதில் அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புள்ளிவிவரத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. டீயும் வந்தது. போனக்காட்டில் உட்கார்ந்து பாக்கெட் தூளில் போட்ட டீயைக் குடிப்பதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. சுற்றிலும் தேயிலை, நடுவில் நின்றுபோன ஃபாக்டரி, தூள் மட்டும் கடையில் வாங்கியது. இதைச் சொன்னால் லயத்தில் யாரும் சிரிப்பதில்லை. கூலியே பாக்கியாக நின்றுபோனவர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது!

அந்த அறுபத்தெட்டை முதலில் பிரித்துப் பார்த்தோம். அவள் நிரப்பியது கோபன்ஹேகன் கேள்வித்தாள். டென்மார்க்கில் கிறிஸ்டென்சன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சேர்ந்து உருவாக்கி 2005-இல் வெளியிட்டது. மொத்தம் 19 கேள்விகள், மூன்று பகுதி. ஆறு கேள்விகள் ஆளைப் பற்றி: உடம்பு எவ்வளவு ஓய்ந்திருக்கிறது, இனிமேல் முடியாது என்று எத்தனை தடவை தோன்றுகிறது என்கிற மாதிரி. ஏழு கேள்விகள் வேலையைப் பற்றி. மீதி ஆறு நோயாளிகளைப் பற்றி, அவர்களோடு மாரடித்துச் சலித்துவிட்டதா என்று. பதில் ஐந்து வகை. எப்போதும் என்றால் 100, அடிக்கடி 75, சில நேரம் 50, அபூர்வமாக 25, இல்லவே இல்லை என்றால் 0. கூட்டி, கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பெண்.

திரை காட்டியது வேலைப் பகுதியின் எண்ணை மட்டும். அதில் அவள் நான்கு கேள்விகளுக்கு 'அடிக்கடி' போட்டிருந்தாள். ஒரு கேள்வி மட்டும் தலைகீழ்: வீட்டாரோடும் சிநேகிதிகளோடும் இருக்கத் தெம்பு மிஞ்சுகிறதா என்பது அது. அதற்கு 'அபூர்வமாக' என்று போட்டதால் அங்கும் 75. இரண்டு கேள்விக்கு 'சில நேரம்'. ஆக, ஐந்து எழுபத்தைந்து 375, இரண்டு ஐம்பது 100, மொத்தம் 475. ஏழால் வகுத்தால் 67.86. திரை அதை 68 ஆக்கிக் காட்டியிருக்கிறது. இதில் ரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை. அவள் சொன்னதையே கூட்டி வகுத்து அவளிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ அம்பது வந்தாலே பர்ன்அவுட்டுன்னு கீழ போட்டிருக்கே?"

போட்டிருப்பார்கள். பல ஆய்வுகளில் 50 என்பதுதான் கோடு. ஆனால் கணக்கைப் பார். ஏழு கேள்விக்கும் 'சில நேரம்' என்று ஒருத்தி டிக் அடித்தால் அவளுக்குச் சரியாக 50 வரும். சில நேரம் களைப்பாக இருக்கிறது, சில நேரம் வேலை சலிக்கிறது. இதைச் சொல்லாத மனுஷர் எந்த ஆபீஸில் இருக்கிறார்? ஒரேயொரு கேள்விக்கு அவள் 'அபூர்வமாக' என்று மாற்றிவிட்டால் கோட்டுக்குக் கீழே போய்விடுவாள். பாதிப்பேருக்கு பர்ன்அவுட் என்று பத்திரிகையில் தலைப்பு வரும்போது, அந்தப் பாதியில் எத்தனை பேர் 51, எத்தனை பேர் 90 என்று தலைப்பு சொல்லாது. 51 வந்தவளுக்கு ஒரு வார லீவு போதும். 90 வந்தவள் ஊசி போடும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

இந்தக் கதைக்கு முன்கதை உண்டு. 1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல வல்லுநர், ஏழைகளுக்கான ஒரு இலவச கிளினிக்கில் தன்னோடு ஓடியாடிய தொண்டர்கள் போகப்போக எப்படி வெறுத்துப் போகிறார்கள் என்று எழுதினார். அவர் எழுதியது தன்னையும் சேர்த்துத்தான். ஏழு வருஷம் கழித்து, 1981-இல், கலிஃபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க 22 கேள்விகளை வெளியிட்டார்கள். உலகத்தில் நர்சுகளிடம் அதிகம் நீட்டப்பட்ட தாள் அதுவாகத்தான் இருக்கும். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியே அளக்கிறது. மனம் வறண்டுபோவது ஒன்பது கேள்வி. நோயாளி மனுஷராகத் தெரியாமல் போவது ஐந்து கேள்வி. நாம் செய்வதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்ற நினைப்பு எட்டு கேள்வி. இந்தக் கடைசி ஒன்று மட்டும் குறைந்தால்தான் கேடு.

இரண்டாவது விஷயத்தை விளக்க, "பேரைச் சொல்லாம பதினாலாம் பெட்டுன்னு சொல்ல ஆரம்பிக்கறது" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "மாமா, நாங்க எப்பவுமே பெட் நம்பர்தான் சொல்லுவோம். ஹேண்டோவர்ல பேரு சொன்னா ஒரே வார்டுல மூணு அம்மிணி இருக்கும், மருந்து மாறிப்போகும்." சரிதான். வெளியிலிருந்து வருகிறவன் கல்மனசு என்று நினைப்பது உள்ளே பாதுகாப்பு விதியாக இருக்கும். பெட் நம்பர் சொல்வதில் ஒன்றுமில்லை. பதினாலாம் பெட்டுக்காரர் வலிக்கிறது என்று சொல்லும்போது, இவர் எப்பவும் இப்படித்தான் என்று எரிச்சல் முந்திக்கொண்டு வந்தால் அங்கேதான் கவனிக்க வேண்டும். அப்படி உண்டா என்று கேட்டேன். டீயை ஊதிக்கொண்டு, "பைஸ்டாண்டர் மேல வரும்" என்றாள். நோயாளியின் கூட இருக்கும் ஆளுக்குக் கேரள ஆஸ்பத்திரிகளில் அதுதான் பெயர். ஒரு நோயாளிக்கு மூன்று பைஸ்டாண்டர், மூவருக்கும் தனித்தனியாக அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

மாஸ்லாக் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 6 வரை. ஒன்பது கேள்விக்கு உச்சம் 54. அதில் 27 வந்தால் மிகுதி என்று வெகுகாலம் கணக்கு. பாதி மதிப்பெண்! அந்த 27 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஆச்சரியமாக இருக்கும். ஆரம்பத்தில் பதில் சொன்ன அமெரிக்கர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேல் மூன்றில் ஒரு பங்கை 'மிகுதி' என்று வெட்டியிருக்கிறார்கள். யாரை வரிசையில் நிறுத்தினாலும் மேலே மூன்றில் ஒரு பங்கு இருக்கத்தானே செய்யும்? பின்னாளில் அந்தக் கையேட்டிலிருந்தே இந்த வெட்டுக்கோடுகளை எடுத்துவிட்டார்கள். நம்மூர் ஆய்வேடுகளில் மட்டும் அது அழியாமல் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்துக்கொண்டு இருக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு கணக்கு. மருத்துவர்களின் பர்ன்அவுட் பற்றி 45 நாடுகளில் வெளிவந்த 182 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2018-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அவற்றில் பர்ன்அவுட் என்பதற்குக் குறைந்தது 142 விதமான வரையறைகள் இருந்தன. எத்தனை சதவீதம் பேருக்கு என்ற கேள்விக்கு 0-இலிருந்து 80.5 வரை பதில் வந்திருந்தது. பூஜ்யத்திலிருந்து எண்பது! வீட்டில் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால்கூட இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுவோம்.

"அப்போ இது சும்மாவா மாமா?"

சும்மா இல்லை. சதவீதம்தான் சும்மா. அதே தாளை அதே வார்டில் அதே ஆட்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்து, சராசரி 45-இலிருந்து 60-க்குப் போனதா என்று பார்த்தால் அது உபயோகமான எண். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதைப் பற்றிப் பேசியபோது வியாதி என்று வகைப்படுத்தவில்லை. வேலையோடு வரும் ஒரு நிலை என்றுதான் எழுதியது: வேலையிடத்தில் நாள்பட்ட நெருக்கடி, அதைச் சரியாக நிர்வகிக்காததால் வருவது. வேலையிடம் என்பது அந்த வரையறையிலேயே இருக்கிறது. ஆனால் படிவம் வருவது வேலையிடத்துக்கு அல்ல, சிஸ்டரின் போனுக்கு.

நெருக்கடிக் காலம் வந்தால் இந்த அளவை இன்னும் ஆட்டம் காணும். கேரளத்தில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018-ஐ மட்டும் எடுத்துக்கொள். அந்த ஏப்ரலில் தனியார் மருத்துவமனை நர்சுகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசாணை வந்தது. அதற்கே வருஷக்கணக்கில் போராட்டம். சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்து வருவோம் என்று அவர்கள் அறிவித்த நாளுக்கு முந்தைய நாள்தான் ஆணை வெளியானது. மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி, அதே நோயால் மே 21-ஆம் தேதி இறந்தார். அந்தச் சுற்றில் மொத்தம் 17 பேர் இறந்தார்கள். ஊர் முழுக்க லினியைத் தியாகி என்று போற்றிய அதே நாட்களில்தான், ஆட்டோவில் ஏற்ற மறுக்கிறார்கள், பஸ்ஸில் விலகிப் போகிறார்கள் என்று பேராம்பிரா நர்சுகள் முறையிட்ட செய்தியும் வந்தது. ஆகஸ்டில் பெருவெள்ளம். அதன் சேறு காய்ந்து ஒன்றரை வருஷம் ஆவதற்குள், 2020 ஜனவரி 30-ஆம் தேதி, இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி திருச்சூரில்.

இந்த வரிசையில் சாதாரண காலம் எது? நெருக்கடியில் பர்ன்அவுட் கூடிவிட்டது என்று சொல்ல வேண்டுமென்றால் நெருக்கடிக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அந்த எண் கிடையாது. தீ பிடித்த பிறகு எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்க வந்தார்கள். வந்த விடை 60 என்றால், அதில் 50 பழைய பாக்கியா, 10 மட்டும் கோவிட் கொடுத்ததா என்று பிரிக்க வழியில்லை.

2020-இல் இந்தியாவில் 2,026 சுகாதாரப் பணியாளர்களிடம் இதே கோபன்ஹேகன் தாளைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். நோயாளிகளைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருந்தொற்றைப் பற்றிக் கேள்வி வைத்தார்கள். ஆளைப் பற்றிய பகுதியில் 44.6 சதவீதம் பேர் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பெருந்தொற்றுப் பகுதியில் 52.8 சதவீதம். வேலைப் பகுதியில் 26.9 மட்டும். ஒரே ஆட்கள், ஒரே நாள், ஒரே படிவம்! எதனால் என்று சேர்த்துக் கேட்டால் விடை இரட்டிப்பாகிறது. கேள்வியில் 'கோவிட்' என்று இருந்தால் கைகள் மேலே போகின்றன, 'வேலை' என்று இருந்தால் இறங்குகின்றன. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. கோவிட்டைக் குறை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலையைக் குறை சொல்வது அப்படியல்ல.

உலகளவில் பார்த்தால் மாஸ்லாக் தாளின் மூன்று பகுதிகளும்கூடச் சேர்ந்து ஆடுவதில்லை. கோவிட் காலத்தில் 18,935 நர்சுகளிடம் நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த கட்டுரையில், மன வறட்சி 34.1 சதவீதம் பேருக்கு மிகுதி. நோயாளியை மனுஷராகப் பாராமல் போவது 12.6 சதவீதம்தான். செய்யும் வேலைக்கு அர்த்தமில்லை என்ற நினைப்பு 15.2. அதாவது உடம்பும் மனசும் ஓய்ந்தவர்களில் பெரும்பாலோர், நோயாளியை வெறுக்கும் நிலைக்குப் போகவில்லை. இந்த எண்ணை நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றையும் ஒன்றாக்கி ஒரே மதிப்பெண் போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

வூஹானிலிருந்து வந்தது இதையும் மிஞ்சும். அங்கே புற்றுநோய்ப் பிரிவு டாக்டர்கள், நர்சுகளில் சிலரைக் கோவிட் வார்டுக்கு அனுப்பினார்கள், மற்றவர்கள் வழக்கமான வார்டிலேயே இருந்தார்கள். கோவிட் வார்டில் பர்ன்அவுட் 13 சதவீதம், வழக்கமான வார்டில் 39 சதவீதம்! எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. கேட்டதும் அவள் ஆச்சரியப்படவே இல்லை. "கோவிட் வார்டுல என்ன செய்யணும்னு தெரியும் மாமா. கிட் இருந்தது, டூட்டி நேரம் கணக்கு இருந்தது, எல்லாரும் எங்களைத்தான் கேப்பாங்க. மத்த வார்டுல பாதி ஸ்டாஃப அங்க இழுத்துட்டாங்க. மிச்சம் இருந்தவ ரெண்டு பேர் வேலையச் செஞ்சா. அவளுக்கு யாரும் கை தட்டல." ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் ஊகித்திருந்தார்கள்: முன்வரிசையில் நிலைமை கையில் இருக்கிறது என்ற நினைப்பு இருந்திருக்கலாம் என்று. நெருக்கடி என்றதும் கேமரா ஓடுவது ஐசியு வாசலுக்கு. மெடிக்கல் வார்டில் தனியாக நிற்பவளிடம் படிவம் போவதில்லை.

எப்போது கேட்கிறோம் என்பதும் உண்டு. முதல் மாதத்தில் பயம் இருக்கும், ஒரு வேகமும் இருக்கும். எட்டாவது மாதத்தில் பயம் போயிருக்கும், வேகமும் போயிருக்கும். 2021 மே மாதம் கேரளத்தில் ஒரே நாளில் 40,000-க்கும் மேல் புதுத் தொற்று பதிவானபோது படிவத்தை நிரப்பியவள் எப்படிப்பட்டவள் என்று யோசி. நிரப்ப நேரம் கிடைத்தவள். டபுள் டூட்டியில் இருந்தவள் நிரப்பவில்லை. தொற்று வந்து தனிமையில் கிடந்தவள் நிரப்பவில்லை. மிகவும் சோர்ந்தவளே விடுபட்டுப் போகும் கணக்கெடுப்பு அது.

அப்புறம் பயம். படிவத்தில் பெயர் வேண்டாம் என்று போட்டிருக்கும். கீழே வயது, திருமணம், பிரிவு, நிரந்தரமா ஒப்பந்தமா, அனுபவம் எத்தனை வருஷம் என்று ஐந்து கட்டம் இருக்கும். ஒரு ஐசியுவில் 26 வயது, திருமணமாகாத, ஒப்பந்த நர்ஸ், மூன்று வருஷ அனுபவம் என்றால் அது ஒரே ஒருத்தி. பெயரை ஏன் தனியாகக் கேட்க வேண்டும்? படிவத்தை விநியோகித்து, நிரம்பியதை வாங்கி அடுக்குவது இன்சார்ஜ் சிஸ்டர் என்றால் யார் 'எப்போதும்' என்று டிக் அடிப்பார்கள்? எல்லாரும் 'சில நேரம்' அடிப்பார்கள். அதாவது ஐம்பது.

இங்கே போனக்காட்டில் கொழுந்து நிறுத்த காலத்தை என் தலைமுறை பார்த்திருக்கிறது. கூடையை இறக்கினால் தராசில் ஏறுவது இலை. எடுத்தவளின் முதுகை யாரும் நிறுத்ததில்லை. இந்த பர்ன்அவுட் படிவம் அதைத் தலைகீழாகச் செய்கிறது. நர்ஸை நிறுக்கிறது, அவள் தலையில் ஏற்றிய கூடையை நிறுக்காமல் விட்டுவிடுகிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதாவிட்டால், 68 என்ற எண்ணைப் பார்க்கிற மேலாளருக்கு அது அவளுடைய பலவீனமாகத்தான் தெரியும்.

கூடையை நிறுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் லிண்டா எய்கனும் அவருடைய குழுவும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் 10,184 நர்சுகளிடம் கேட்டு 2002-இல் வெளியிட்ட கணக்கு அது. பர்ன்அவுட் மதிப்பெண்ணோடு ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதையும் எடுத்தார்கள். அந்த மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள் என்பதையும் எடுத்தார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் பர்ன்அவுட்டுக்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒரே ஒரு நோயாளி கூடினால்! நர்ஸின் சோர்வு நர்ஸின் சொந்த விவகாரம் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டாவது எண்ணை.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒன்று என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு இருக்கிறது. ஐசியுவில் ஒன்றுக்கு ஒன்று. "உன் வார்டுல நேத்து நைட் எத்தனை பேரு?" என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணவில்லை, உடனே சொன்னாள்: முப்பத்தொன்று நோயாளி, இரண்டு ஸ்டாஃப், அதில் ஒருத்தி சேர்ந்து இரண்டே வாரம். அந்த எண்ணுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

படிவத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போன தடவை இப்படி ஒரு கணக்கெடுப்பு முடிந்ததும் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று வகுப்பு வைத்தார்களாம். அவள் ஆஃப் நாளில். வராவிட்டால் ஆப்சென்ட். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சியை நான் பழிக்கவில்லை, எனக்கே உதவியிருக்கிறது. ஆனால் மருத்துவர்களிடம் செய்து பார்த்த முயற்சிகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஒரு ஆய்வில், ஆளுக்குப் பயிற்சி கொடுத்ததைவிட வேலை நேரத்தையும் வேலை ஒழுங்கையும் மாற்றியதுதான் கூடுதலாகப் பலித்தது. பர்ன்அவுட் மதிப்பெண்ணும் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற எண்ணும் அருகருகே இருந்தால், மேலாளர் மூச்சுப் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு நகர முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பர்ன்அவுட் தாள் மனச்சோர்வு நோயை அளக்காது. ஆஃப் கிடைத்து மூன்று நாள் தூங்கினால் கொஞ்சம் தெளிகிறது, டூட்டியை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது என்றால் அது ஒரு வகை. ஊருக்கு வந்தாலும் தெளியவில்லை, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. அதற்கு ஒன்பது கேள்வி கொண்ட தனித்தாள் இருக்கிறது, அதைவிட முக்கியமாக டாக்டர் இருக்கிறார். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண்ணை அவள் போனில் சேமித்துக்கொண்டாள். தனக்கு இல்லையாம், கூட வேலை பார்க்கிறவளுக்காம். நான் மேலே கேட்கவில்லை.

"சரி, அந்தப் பொண்ணுக்கு நான் என்ன சொல்லணும்?"

நிரப்பியதை நிரப்பியதாகவே விடு என்றேன். பாவம், அவளும் ஆய்வேட்டை முடித்தால்தான் சான்றிதழ். ஆனால் கேள். கூடவே ரோஸ்டரையும் வாங்கப் போகிறாயா? அந்த மாதத்தில் ஒவ்வொருத்திக்கும் எத்தனை நைட், எத்தனை டபுள் டூட்டி, ஷிப்ட் முடிந்தும் எத்தனை மணி நேரம் நின்றாள், ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பெட்? நேரமில்லாமல் விட்டுப்போன வேலை என்னென்ன? நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்காதது, வீட்டுக்குப் போகும்போது மருந்தை விளக்கிச் சொல்லாதது. இதே தாளோடு அடுத்த மூன்றாம் மாதமும் வருவாயா? மதிப்பெண்ணைச் சதவீதமாக்காமல் மூன்று பகுதிக்கும் தனித்தனிச் சராசரியாகப் போடுவாயா? பத்துப் பேருக்குக் குறைவான பிரிவை வேறு பிரிவோடு சேர்த்துத்தான் காட்டுவாயா, ஆள் அடையாளம் தெரியாமல்? நிபா கேரளத்துக்கு 2018-இல் வந்ததோடு போய்விடவில்லை. 2019, 2021, 2023, 2024 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அடுத்த தடவைக்கு முந்தைய எண்ணை எழுதி வைக்க இப்போதுதான் நேரம், வார்டு அமைதியாக இருக்கும்போது.

"அமைதியா!" என்றாள்.

பிறகு அவளே ஒன்று கேட்டாள். நான் யோசித்து வைத்த பட்டியலில் அது இல்லை. "வேலைய விட்டுட்டுப் போனவங்கட்ட யாரு மாமா கேப்பா?"

யாரும் கேட்பதில்லை. படிவம் போவது இன்றைக்கு ரோஸ்டரில் பெயர் இருப்பவர்களுக்கு. தாங்க முடியாமல் போனவர்கள் போய்விட்டார்கள், தாங்கியவர்கள் பதில் சொல்கிறார்கள், சராசரி இறங்குகிறது. நிலைமை தேறிவிட்டது என்று அறிக்கை எழுதலாம். போனவர்கள் எல்லாரும் தாங்களாகப் போனவர்களும் இல்லை. தமிழ்நாட்டில் கோவிட்டுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். புது வருஷத்தை அவர்கள் போராட்டப் பந்தலில் தொடங்கினார்கள். கோழிக்கோட்டில் நிபா வார்டில் வேலை செய்த தற்காலிக ஊழியர்களும் பிறகு வேலை கேட்டு உட்கார வேண்டிவந்தது. அவர்களுடைய மதிப்பெண் எந்த ஆய்வேட்டிலும் இல்லை.

அவளோடு கோவிட் காலத்தில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்போது வளைகுடாவிலும் இங்கிலாந்திலும். மிச்சத்தில் சிலர் நர்ஸ் வேலையையே விட்டுவிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் எல்லாம் ஆஸ்பத்திரி ஆபீஸில் கோப்பாக இருக்குமே, அதைப் புரட்டினால் காரணம் தெரியுமே என்றேன்.

"எல்லாரும் 'சொந்தக் காரணம்'னுதான் எழுதுவோம் மாமா. வேற எழுதினா அனுபவச் சான்றிதழ் கைக்கு வர மாசக்கணக்காகும்."